பூட்டிய வீட்டு வாசலில் கோலம்

பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் என் பாஸ்புக்கை மறுபடியும் வெளியே துப்பியபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. வங்கி ஊழியர் வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஆறட்டும்மா, சூடாயிடுச்சி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அது ஆறும்வரை படிப்பதற்கு அங்கே அறிவிப்புப் பலகை ஒன்றுதான் இருந்தது. படித்தேன். கடனைக் கட்டாதவர்களின் வீடுகளை வங்கி ஏலம் விடுகிறது. முதல் வரிசையிலேயே திண்டிவனத்தில் ஒரு வீடு. மஞ்சள் சுண்ணாம்பு, இரண்டு ஜன்னல், ஒரு இரும்புக் கேட். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி அந்த வீடு என்னை நேராகப் பார்த்தது.

வேறொரு நாளாக இருந்தால் தாண்டிப் போயிருப்பேன். ஆனால் விழுப்புரத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடியை, கீழே இருக்கும் வீட்டுக்காரர் அன்று காலைதான் டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போதே அளந்தார். அவர் மகனுக்கு வைகாசியில் கல்யாணம். மருமகள் கொண்டுவரப் போகும் பீரோ எங்கள் கூடத்தில் எந்தச் சுவரோரம் நிற்கும் என்று அவருக்கு உடனே தெரிய வேண்டியிருந்தது. டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் என் அப்பா. யாராவது ஒன்றைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்காமலிருக்க அவருக்குத் தெரியாது. "சித்திரைக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்கண்ணே" என்று வீட்டுக்காரர் சொல்ல, அப்பா, "இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவர் காலி பண்ணச் சொல்லத் தொடங்கியதிலிருந்து நான் தேடிப் பார்த்த வாடகை வீடுகளில் எல்லாம், என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களா, பொண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை என்று கேட்டிருந்தார்கள். இந்த நோட்டீஸ் என்னை எதுவும் கேட்கவில்லை. பணத்தை மட்டும் கேட்டது. அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போயிற்று. கீழே கொட்டை எழுத்தில், "உள்ளது உள்ளபடி, இருப்பது இருக்கும் இடத்தில்" என்று வேறு போட்டிருந்தது. இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எந்தத் தரகரும் எங்களிடம் பேசியதில்லை. என் சொந்த மாமா உட்பட.

நான் படித்தது என்ஜினியரிங். செய்வது வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் தட்டுவது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நாள் முழுக்க வருந்திவிட்டு, மிச்ச நேரத்தில் ஏதாவது ஆரம்பிப்பேன். குளியலறையில் காளான் வளர்த்தேன். அது வளர்ந்தது, கூடவே வேறு எதுவோ வளர்ந்தது. பங்குச் சந்தையைக் கொஞ்ச நாள் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. எனவே நான் பாஸ்புக்கோடு ஓடிவந்து, "அம்மா, நாம ஏலத்துல வீடு எடுக்கப் போறோம்" என்றதும், அம்மா அடுப்பைத்தான் முதலில் அணைத்தாள்.

"அடுத்தவங்க கண்ணுல தண்ணி உட்ட ஊட்டுல போயி நான் பால் காய்ச்சணுமா? பொங்குமாடி அந்தப் பாலு?"

"பேங்க் விக்கிதும்மா. நாம வாங்கலைன்னா வேற யாரோ வாங்கப் போறாங்க."

"வாங்கட்டும். அவங்க பாலு அவங்க பாடு."

ஆனால் அவளும் அன்று காலை டேப்பைப் பார்த்தவள்தான். சாயங்காலம் அவளாகவே வந்து ஒரு நிபந்தனை வைத்தாள். உள்ளே யாரும் இல்லாத வீடாக இருந்தால் சரி. ஓர் அடுப்பு எரிந்தாலும் வாசற்படியை மிதிக்க மாட்டாள். "ஆளை வெளிய அனுப்பிட்டு நாம உள்ள போற வேலை மட்டும் வேணாம். அதைத்தான் இப்ப நமக்குப் பண்ணிக்கினு இருக்கான் கீழ் வீட்டுக்காரன்."

நியாயமான நிபந்தனை. சுலபமானதும்கூட என்று நினைத்தேன். ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு படிப்பு வேண்டும்?

அடுத்த சில நாட்களில் ஏல வீடு பற்றி இணையத்தில் கிடைத்த வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். அதில் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரு காரின் மேல் சாய்ந்துகொண்டுதான் பேசினார்கள். வாரக் கடைசியில் நான் மனத்தளவில் முழு முதலீட்டாளர். திண்டிவனம் வீட்டில் முதலில் நாங்கள் குடியேறுவது. அப்பா திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில்தான் கணக்கு எழுதுகிறார், அவருக்கு ரயில் அலைச்சல் மிச்சம். பிறகு அடுத்த ஏலம், அதற்கடுத்த ஏலம், கடைசியில் பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு கெஸ்ட் ஹவுஸ். இதைக் கேட்ட மாமா, "கடலு எங்கயும் போயிடாது பாப்பா. மொதல்ல ஒரு கேட்டைத் தொறக்கற வழியைப் பாரு" என்றார்.

மாமா அம்மாவின் தம்பி. விழுப்புரம் வட்டாரத்தில் மனைத் தரகு. பேசிப் பேசியே பிழைப்பவர், வீடு பார்க்கப் போகும்போது மட்டும் ஒரு சட்டம் வைத்திருந்தார்: அக்கம்பக்கத்தில் வாயைத் திறக்கக் கூடாது. "இன்னா ஏதுன்னு ஒருத்தர்கிட்ட கேட்டன்னு வெச்சுக்க, நாளைக்கே நாலு பேரு அதே ஊட்டை வாங்க வந்து நிப்பான். பாக்கணும். மோப்பம் புடிக்கணும். திரும்பி வந்துக்கினே இருக்கணும்." அப்பாவை இந்த வேலையிலிருந்து மாமா முதல் நாளே விலக்கிவிட்டார். அப்பாவிடம் யாராவது மணி கேட்டால்கூட, மணியைச் சொல்லிவிட்டு, நாங்கள் வீடு தேடுகிற கதையையும் சேர்த்துச் சொல்வார்.

வங்கியில் ஏலத்தைக் கவனிக்கும் அதிகாரியை நானே போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். வெயிலில் நிற்கிறவரைப் போல எப்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினார்.

"சார், அந்தத் திண்டிவனம் வீடு இப்ப உங்க கையில இருக்கா?"

"பேப்பர்ல எங்க கையிலதாம்மா இருக்கு."

"நிஜத்துல?"

"நிஜத்துல அது திண்டிவனத்துல இருக்கு."

"உள்ள யாராவது குடியிருக்காங்களா சார்?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். அதான் உள்ளது உள்ளபடின்னு போட்டிருக்கோமே. ஆள் இல்லைன்னா கோர்ட்டு ஆர்டரோட பூட்டைத் தொறந்து சாவியை உங்க கையில குடுத்துடுவோம். ஆள் இருந்தா..." அவர் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்குச் சின்ன வயசுதானே. பொறுமையா பாத்துக்கலாம்."

ஆக, அம்மாவுக்கும் சட்டத்துக்கும் ஒரே கேள்விதான். உள்ளே ஆள் உண்டா?

ஒரு சனிக்கிழமை நானும் மாமாவும் பஸ் ஏறினோம். மாமா இரண்டு டீக்கு முன்னால் எந்த வேலையும் தொடங்க மாட்டார், எனவே நாங்கள் அந்தத் தெருவுக்குள் நுழையும்போது வெயில் ஏறிவிட்டது. போட்டோவில் இருந்த அதே மஞ்சள் வீடு. கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டு. சுவரில் வங்கி ஒட்டிய நோட்டீஸில் ஆடு எட்டித் தின்ற வரைக்கும் காணோம். என் மனம் துள்ளியது. பூட்டு! அப்போது மாமா என் கையைப் பிடித்து இழுத்துக் கீழே காட்டினார்.

கேட்டுக்கு முன்னால் ஒரு கோலம். அன்று போட்டது. சாணம் தெளித்த ஈரத்தின் தடம்கூட ஓரங்களில் இன்னும் தெரிந்தது. எட்டு இதழ்த் தாமரை, நடுவில் சங்கு.

"ஆள் இருக்கு" என்றார் மாமா, டாக்டர் மாதிரி.

"வெளிய பூட்டியிருக்கே மாமா?"

"கடன்காரன் ஊடெல்லாம் அப்படித்தான். முன்னால பூட்டிக்கினு பின்பக்கமா பூந்து உள்ள குந்தினு இருப்பாங்க. நான் பாக்காததா? அங்க பாரு, கரண்டு மீட்டர்ல லைட்டு மின்னுது."

மின்னியது. மெயினை அணைத்துவிட்டாலும் எல்லா மீட்டரும் அப்படித்தான் மின்னும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதுவும் என்ஜினியரிங் படித்தவளுக்கு.

எதிர்வீட்டு வாசலில் ஓர் அக்கா முறத்தில் எதையோ புடைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல வாட்டசாட்டம். நான் லேசாகச் சிரிக்கப் போனேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பாக்காத. பாத்தா பேசும். பேசுனா தீந்துச்சு" என்றார். நாங்கள் இருவரும் ஏதோ திருடப் போகிறவர்கள் மாதிரி வானத்தைப் பார்த்தபடி நடந்தோம்.

மறுபடி போனோம். மறுபடியும் பூட்டு, மறுபடியும் கோலம். ஆனால் வேறு கோலம். வார நாளில் போனோம். கோலம். மழை தூறிய மறுநாள் போனோம். புதுக் கோலம். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். அங்கேதான் தவறு செய்தேன்.

அம்மா கோலத்தைப் படிக்கிறவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. படத்தை விரலால் விரித்து, "இழையைப் பாரு, எங்கயும் தடுமாறலை. சின்ன வயசுக் கை" என்றாள். அடுத்த படத்தில், "கல்யாணம் ஆகாத பொண்ணு. இல்லன்னா இவ்வளவு நேரம் எங்க இருக்குது?" அதற்கடுத்ததில் கோலம் கொஞ்சம் சிறியதாக இருந்தது. "மனசு சரியில்லை போல." ஒரு நாள் வெறும் நாலு கோடு, நடுவில் ஒரு புள்ளி. அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

நாலைந்து கோலத்துக்குள் ஒரு குடும்பமே உருவாகிவிட்டது. அப்பன்காரன் கடனை வாங்கிவிட்டு ஓடிவிட்டான். ஆத்தா படுத்த படுக்கை. இந்தப் பெண்தான் கடன்காரனுக்குப் பயந்து உள்ளேயே கிடந்து, பொழுது விடியும் முன்னால் பின்வழியாக வந்து வாசல் தெளித்துக் கோலம் மட்டும் போட்டுவிட்டு ஒளிந்துகொள்கிறாள். "எந்தக் கஷ்டத்துலயும் வாசலை மொட்டையா உடலை பாரு. நீ இருக்கியே, ஞாயித்துக்கெழம பத்து மணி வரைக்கும் பல்லே தேய்க்க மாட்ட."

இல்லாத ஒரு பெண்ணோடு என்னை ஒப்பிட்டுத் திட்டுகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த முறை நாங்கள் கிளம்பும்போது அம்மா ஒரு துணிப்பையை நீட்டினாள். உள்ளே எவர்சில்வர் டப்பாவில் கேப்பை அடை, முருங்கைக்கீரை போட்டது. "கேட்டுல மாட்டிட்டு வந்துடு. பசிச்சிக்கினு கிடக்கும்."

"ஏலத்துக்கு வர்ற ஊட்டுக்குச் சீர் எடுத்துக்கினு போறவங்க நாமதாங்க்கா" என்றார் மாமா. ஆனாலும் எடுத்துப் போனோம்.

அந்த வாரக் கடைசியில் போனால் பை அதே இடத்தில் தொங்குகிறது. டப்பா கழுவித் துடைத்திருக்கிறது. உள்ளே மல்லாட்டை, அவித்த வேர்க்கடலை. மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். ஆள் இருப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மீட்டர் பொய் சொல்லலாம், மல்லாட்டை சொல்லுமா?

அம்மா நெகிழ்ந்துபோனாள். "ஏனத்தை வெறுசா திருப்பி அனுப்பலை பாரு. நல்ல வளர்ப்பு." உடனே எலுமிச்சை ஊறுகாய் போயிற்று, மரக்காணத்துக் கருவாடு வந்தது. பணியாரம் போயிற்று, கறிவேப்பிலை வந்தது. நான் ஒரு வீட்டை மலிவாக எடுக்கலாம் என்று ஆரம்பித்தது, இரண்டு ஊருக்கும் நடுவே டப்பா போக்குவரத்தாக முடிந்துவிட்டது. வீடியோக்களில் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏலத்தில் கலந்துகொள்ள முன்பணம் கட்டும் கடைசி நாள் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சேர்த்ததும், அப்பா ஒதுக்கி வைத்ததும் தயாராக இருந்தன. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே நேரத்தில் கூடத்தில் கீழ்வீட்டுக்காரரின் பெயிண்டர் எங்கள் சுவரில் மூன்று கலரைச் சின்னச் சின்னதாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எது நன்றாக இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தள்ளி நின்று பார்த்து, "நடுவுல இருக்கறதுங்க" என்றார்.

அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேணாம்டி."

"அம்மா, சித்திரை வந்துக்கினே இருக்கு."

"வரட்டும். அந்தப் பொண்ணைத் தெருவுல தள்ளிட்டு அந்தத் தெருவுலயே நான் குடியிருக்கணுமா? அப்பறம் டப்பா யாருக்குடி அனுப்புவேன்?"

மடிக்கணினியை மூடினேன். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.

ஏல நாள் வந்து போயிற்று. யார் எடுத்தார்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாடகை வீடு தேடும் படலம் மறுபடி தொடங்கியது. மறுபடியும் பொண்ணுக்கு ஏன் கல்யாணம் ஆகலை. இதற்கு நடுவில் அம்மாவுக்கு ஒரு கவலை. கடைசியாக அனுப்பிய டப்பா அவள் பெயர் வெட்டிய டப்பா, அது அங்கேயே நின்றுவிட்டது.

"போய் வாங்கிக்கினு வா. அப்படியே அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்துட்டு வா. இனிமே எங்க போவும்னு கேளு. போக எடமில்லைன்னா இங்க இட்டுக்கினு வந்துடு."

"நமக்கே எடமில்லைம்மா!"

"அது அப்பறம்."

முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோலம் போடும் நேரத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்கு மாமா எழுந்ததாக வரலாறு இல்லை. முதல் ரயிலில் தனியாகப் போனேன். திண்டிவனத்தில் இறங்கும்போது பால் வண்டிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. தெருமுனையில் ஒரு மின்கம்பத்தின் பின்னால் நின்றேன். எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் நின்றேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முறத்து அக்கா வெளியே வந்தார். தன் வாசலைத் தெளித்தார். கூட்டினார். ஒரு சின்னக் கோலம் இழுத்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார். மஞ்சள் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்தார். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். முட்டி வலிக்கிறது போல, "யப்பா" என்றார். கோலமாவு டப்பாவைத் திறந்தார்.

சின்ன வயசுக் கை. கல்யாணம் ஆகாத பொண்ணு.

மாமாவின் சட்டம், என் படிப்பு, எல்லாவற்றையும் மின்கம்பத்திலேயே விட்டுவிட்டு ஓடினேன். "அக்கா! இந்த வீட்டுக்கு நீங்களா கோலம் போடறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பயப்படவில்லை. "வாம்மா பேங்க்கு. இன்னிக்கி டப்பா எடுத்தாரலையா?"

"பேங்க்கா?"

"நீ பேங்க்குதானே? கூட ஒரு மீசைக்காரரு வருவாரே, ஆபீசரு. வர்றீங்க, போட்டோ புடிக்கிறீங்க, பேசாமப் போறீங்க. பத்தாததுக்கு நான் கோலம் போடறதுக்குக் கூலியா அடை குடுத்துட்டுப் போறீங்க. நல்ல பேங்க்குன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன். எம் மருமவன் நம்ப மாட்டேங்கறான்."

நான் அந்த ஈர வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் சிரித்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு. வெறும் நாலு கோடு போட்ட அன்று அவருக்கு எந்த மனக்கஷ்டமும் இல்லை. "கேஸ் வண்டி வந்துடுச்சி பாப்பா. உட்டா அடுத்த தெருவுக்குப் போயிடுவான்."

அந்த வீட்டுக்காரர்கள் போய் வெகுநாள் ஆகிறது. திருப்பூரில் மகனோடு இருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு கொஞ்ச நாளில் வாசற்படியில் பாட்டிலோடு ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். அக்கா கோலம் போட்டார். மறுநாளிலிருந்து யாரும் உட்காரவில்லை. "கோலம் இருந்தா உள்ள பொம்பளைங்க இருக்காங்கன்னு ஜல்தியா எடத்தைக் காலி பண்ணிடுவான். வாய்ச்சண்டை மிச்சம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, மாவைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "அதுவும் ஒண்ணு. இன்னொண்ணு, போற அன்னிக்கி அந்தப் பொம்பளை எல்லாச் சாமானும் ஏத்திட்டு, கேட்டைப் பூட்டிட்டு, கடைசியா குந்தி ஒரு கோலம் போட்டுட்டுப் போச்சு. அது கலையறதைப் பாத்துக்கினு நிக்க எனக்கு மனசு வரலை. அது மேலயே போட ஆரம்பிச்சேன். அப்படியே பழகிடுச்சி."

டப்பாவையும் அவருடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் விழுப்புரம் திரும்பினேன்.

வங்கி திறந்ததும் அதிகாரியின் முன்னால் நின்றேன். வீட்டை யார் எடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் கண்ணைச் சுருக்கினார்.

"யாரும் எடுக்கலம்மா. முன்பணம்கூட யாரும் கட்டலை. பாக்கப் போனவங்க எல்லாரும் திரும்பி வந்து ஒரே மாதிரி சொல்றாங்க, 'உள்ள ஆள் இருக்கு சார், கோலம் போட்டிருக்கு'ன்னு. பங்குனிக் கடைசியில மறுபடியும் விடப் போறோம். விலையைக் கொஞ்சம் குறைச்சு."

"சார், உள்ள யாருமே இல்லை" என்றேன். விவரத்தையும் சொன்னேன்.

"அப்படியா?" என்று அவர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். "ஆனா எங்க நோட்டீஸ்ல கோலத்தைப் பத்தி எழுத எடமில்லம்மா."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமா தன் மீசையை ஒரு தடவை தடவிவிட்டு, ஆபீசர் என்ற பதவி உயர்வை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு வேறு கவலை. "அப்ப அந்தப் பொண்ணு?" என்றாள்.

"அப்படி ஒரு பொண்ணே இல்லம்மா."

"படுத்த படுக்கையா இருந்த ஆத்தா?"

"அதுவும் இல்லை."

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே அவளும் திண்டிவனத்து அக்காவும் போனில் பேச ஆரம்பித்தார்கள். கேப்பை மாவை எப்படிப் பிசைவது என்பதிலிருந்து ஆரம்பித்து, சார்ஜ் தீரும்வரை பேசினார்கள். அம்மா ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: திருப்பூரில் இருக்கும் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஏலம் கேட்கப் போகிறோம், அவர்களுக்கு மனக்குறை உண்டா என்று. மறுநாள் பதில் வந்தது. எப்படியும் போன வீடுதான், யாரோ எடுக்கத்தான் போகிறார்கள், ஆனால் கொல்லையில் இருக்கும் கறிவேப்பிலை மரத்தை வெட்டிவிட வேண்டாம் என்று சொன்னாராம்.

அம்மா உள்ளே போய்ப் பால் பாத்திரத்தைத் தேடி எடுத்துத் தனியாக வைத்தாள்.

எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நினைத்தபோது அக்காவிடமிருந்து அடுத்த செய்தி. வல்லத்தில் அவர் தம்பிக்கு நிலம் இருக்கிறது. மல்லாட்டை பிடுங்கும் சமயம். ஆள் கிடைக்கவில்லை என்று தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறானாம். போனால் ஏலம் முடிந்துதான் வருவார். அதுவரை மஞ்சள் வீட்டு வாசல் மொட்டை.

"பேஜாரா போச்சே" என்றார் மாமா. "கோலம் இல்லன்னா காலி ஊடுன்னு ஊரே வந்து கேக்கும். நம்ம கைக்கு எட்டாத வெலைக்குப் போயிடும்."

"பாட்டில்காரனும் வந்துடுவான்" என்றாள் அம்மா. அவளுக்கு அதுதான் பெரிய கவலை. தன் வீட்டு வாசலில் குடிக்கிறார்கள் என்கிற மாதிரியே பேசினாள்.

"நாம போட்டா அது ஏமாத்தறதாகாதா?" என்று கேட்டேன். என் மனசாட்சி சில நேரம் நல்ல சமயத்தில் விழித்துக்கொள்ளும்.

"கோலம் போடறது எந்த ஊர்லடி ஏமாத்து? யாராவது வந்து உள்ள ஆள் இருக்கான்னு கேட்டா, இல்லன்னு சொல்லு. கேக்க வேணாம்னா சொன்னோம்?"

சரிதான். கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் கேட்க மாட்டார்கள். வீடு பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் எங்கள் மாமா மாதிரி ஒரு மாமா இருப்பார்.

ஆகவே இப்போது என் முதலீட்டுப் பயிற்சி எங்கள் மாடிப்படியின் கீழே நடக்கிறது. தினமும் காலையில் அம்மா நிற்க, நான் கோலம் போடப் பழகுகிறேன். வளைய வேண்டிய இடத்தில் என் இழை முறிகிறது. முறிய வேண்டிய இடத்தில் மாவு கொட்டுகிறது. "கையை நடுங்காம இழுடி, அங்க ஒரு சின்ன வயசுப் பொண்ணு போட்ட வாசல்" என்கிறாள் அம்மா. அந்தப் பெண்ணை அவள் இன்னும் முழுதாக விடவில்லை. கீழ்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து முகம் வெளுத்துப் போயிருக்கிறார். காலி பண்ண வேண்டியவர்கள் திடீரென்று வாசலைத் தினமும் அலங்கரிப்பது அவருக்கு நல்ல சகுனமாகத் தெரியவில்லை. நேற்று அப்பாவைப் பிடித்து, "அண்ணே, சித்திரை ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அப்பா, "இருக்குதுங்க. பீரோ வந்துடுச்சா?" என்றார்.

அப்பாவின் விஷயத்தில்தான் ஒரு திருப்பம். எப்படியும் தினமும் திண்டிவனம் போகிறவர்தானே, முதல் ரயிலில் போனால் என்ன என்று அம்மா கேட்டாள். அவர் யோசித்தார். பிறகு மாடிப்படியின் கீழே வந்து, மாவை இரண்டு விரலில் எடுத்து, வரிசையாகப் புள்ளி வைத்தார். ஆலையில் கணக்கு எழுதுகிற கை. ஒரு புள்ளி கூட வரிசை தவறவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோடு எனக்கு வராது" என்றார். "புள்ளி வேணா வெச்சுக் குடுக்கறேன்."

நாளை காலை முதல் ரயில். அக்கா தன் வாளியையும் துடைப்பத்தையும் கேட்டுக்கு உள்பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்; கையை விட்டால் எட்டும். கோலமாவு பையில் இருக்கிறது. அம்மாவின் பெயர் வெட்டிய டப்பாவில் கேப்பை அடை இருக்கிறது, இந்த முறை எங்களுக்கே. மாமா தெருமுனையில் நின்று பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், பிளாஸ்க்கில் டீ கொடுத்தனுப்பினால். அப்பா புள்ளி வைப்பார், நான் கோடு இழுப்பேன். தாமரை எல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் நாள் நாலு கோடு, நடுவில் ஒரு புள்ளி.